வால்டர் பிளெட்சோவுக்குப் பசிக்காத நாள்

லண்டன் ஸ்டூடியோக்களில் வால்டர் பிளெட்சோவுக்கு 'சாப்பாட்டு வால்டர்' என்று பெயர். இசைக்கலைஞர் சங்கத்தின் மேற்பார்வையாளர் அவர். டிவியில் ஒரு பாட்டுக்கு வாயசைக்க வேண்டுமானால், முந்தின நாள் வாத்தியக்காரர்கள் மூன்று மணி நேரத்துக்குள் அதைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். சங்கத்து ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அப்படி. நடந்ததோ வேறு. தயாரிப்பாளர் வால்டரைத் தெருமுனை மதுக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பொரித்த மீனும் பீரும் வாங்கித் தருவார். அதற்குள் இசைத்தட்டின் பழைய நாடாவே புது டப்பாவுக்குள் போயிருக்கும். வால்டர் திரும்பி வந்து, மேல்வரிசைப் பொய்ப்பல்லை நாக்கால் தள்ளிச் சரிசெய்துகொண்டே கையெழுத்துப் போடுவார். இவரை விடச் சௌகரியமான மனுஷன் உலகத்தில் இல்லை என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

எழுபத்தேழாம் வருஷம் எங்கள் டிஸ்கோ பாட்டு தரவரிசையில் முப்பத்தெட்டாம் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டிவியில் வந்தால் மேலே ஏறும். வராவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை பட்டியலிலேயே இருக்காது. நானும் கிளாடெட்டும் ஹையசிந்தும் நாட்டிங்ஹாமில் காலுறை ஆலை வேலையை உதறிவிட்டுப் பாட வந்தவர்கள். திரும்பிப் போனால் ஃபோர்மேன் வாய்க்கு அவல் ஆகிவிடுவோம்.

புதன்கிழமை தயாரிப்பாளர் பாரி வழக்கம்போல் கோட்டை மாட்டினார்.

"வாங்க வால்டர், மீன் ஆறிடும்."

"பசிக்கல," என்றார் வால்டர்.

"பீராச்சும்...?"

"வேணாம்ப்பா. வெள்ளிக்கிழமையோட எனக்கு ஓய்வு. இத்தன வருஷமா வாசிச்சாங்க வாசிச்சாங்கன்னு கையெழுத்துப் போட்டேன். ஒருத்தன் வாசிச்சும் கேட்டதில்ல. இன்னைக்குக் கேக்கணும்."

பாரியின் முகம் வெளுத்துவிட்டது. வால்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

வேறு வழியில்லாமல் ஆரம்பித்தோம். டிரம் முந்தியது, பேஸ் கிடார் பிந்தியது. ஹையசிந்த் நடுவில் நிறுத்தி, "மார்வா, நீ ஸ்ருதியில இல்லடி!" என்று என் மேல் பாய்ந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. எப்படியோ பாட்டு ஒரு வழிக்கு வந்தபோது வால்டர் கையை உயர்த்தினார்.

"ட்ரம்பெட் எங்க?"

அந்தப் பாட்டின் உயிரே ட்ரம்பெட்தான். இசைத்தட்டில் வாசித்தவன் இப்போது கப்பலில் பயணிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். எவரும் வாசிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் பாரி வேறு ஆளைக் கூப்பிடவே இல்லை.

"ஆள் இல்லையா? அப்ப கையெழுத்து இல்ல."

"வால்டர், இந்தப் பொண்ணுங்க பொழப்பு!"

"எம் பொழப்பும்தான் போச்சு. லீட்ஸ்ல பத்து வருஷம் நடன மண்டபத்துல ட்ரம்பெட் வாசிச்சேன். ஒரு திங்கக்கிழமை போனா, மேடைல ரெண்டு ரெக்கார்ட் பிளேயர் உக்காந்திருக்கு. பேண்டு முழுக்க வீட்டுக்கு."

கிளாடெட் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நீங்களே வாசிங்களேன்!" என்று கத்தினாள். கோபத்தில் சொன்னாள். வால்டர் எழுந்து வெளியே போய், காரிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தார்.

"சங்க அட்டை எங்கிட்டயும் இருக்கு. நாடாவ ஓட்டுங்க."

முதல் நான்கு சுரங்கள் அற்புதமாக வந்தன. ஐந்தாவதில், உச்சத்துக்குப் போகும்போது, பொய்ப்பல் நழுவியது. சுரம் கிழிந்தது. மறுபடி வாசித்தார், மறுபடி அதே இடத்தில் கிழிந்தது. மூன்றாம் முறை வெறும் காற்று மட்டும் வந்தது. எங்களை ஒழிக்க வந்தவர் என்று அதுவரை அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவருக்காக நெஞ்சு வலித்தது.

வால்டர் உதட்டைக் கைக்குட்டையால் ஒற்றினார். ட்ரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"பாரி, பசிக்குதுப்பா."

இருவரும் போனார்கள். ஒலிப்பதிவாளர் எங்கள் பதிவை எடுத்துவிட்டு இசைத்தட்டின் நாடாவை மாட்டினார்.

நேரம் முடியச் சற்று முன்பு வால்டர் திரும்பி வந்து, "போடுங்க, கேப்போம்," என்றார். எங்களைப் பின்னால் அந்த மாதக் கடைசியில் மூன்றாம் இடத்துக்குத் தூக்கிப்போன இசைத்தட்டு நாடாவே ஓடியது. ட்ரம்பெட் உச்சத்தைப் பிசிறில்லாமல் தொட்டது. வால்டர் கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"நல்லாத்தான் வாசிச்சிருக்கேன், இல்ல?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"ஆமாங்க," என்றாள் கிளாடெட்.