ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளையும் நாலு சபைச் சரித்திரமும்

கல்யாணத் தரகில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஜாதகம் பார்க்க வேண்டாம், வேலை சுலபம் என்று எனக்கு எவனோ சொன்னான். அவன் மட்டும் கையில் கிடைத்தால்! ஜாதகம் கேட்கமாட்டார்கள், சரித்திரம் கேட்பார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிற நான் சபைகள் பிரிந்த கதையெல்லாம் படித்துத் தொலைத்தது பென்னாகரத்து ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளை தேடப் போய்த்தான். சக தரகர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லி அழுவேன்?

ஜெர்மனித் துறவி

ஸ்டெல்லா நர்ஸ். ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். தங்கமான பெண். தங்கைக்கே கல்யாணம் முடிந்துவிட்டது, இவளுக்குத்தான் எதுவும் அமையவில்லை. முதலில் கம்பைநல்லூர் லுத்தரன் பையன் ஒருவனைச் சொன்னேன். அவர்கள் எதற்காகப் பிரிந்தார்கள் என்று அவளுடைய அப்பா அந்தோணிசாமி கேட்டார். அந்தக் காலத்தில் கத்தோலிக்கச் சபை பாவமன்னிப்புச் சீட்டைக் காசுக்கு விற்றதை எதிர்த்து ஜெர்மனியில் ஒரு துறவி கிளம்பிய கதையைச் சொன்னேன். மனுஷன் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“காசு வாங்குனது தப்புதானுங்க. அதுக்காவ வூட்டையே ரெண்டாக்கிட்டுப் போவாங்களா?”

இங்கிலாந்து ராஜா

அடுத்தது தருமபுரி சி.எஸ்.ஐ. பையன், வாத்தியார். இந்த முறை வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் போனேன். ஸ்டெல்லாவின் அம்மா காபி கொடுத்து இதமாகக் கேட்டதும் உளறிவிட்டேன். ராணியை விலக்கிவிட்டு வேறு கல்யாணம் செய்ய ராஜா ஆசைப்பட்டார், போப்பாண்டவர் ஒத்துக்கொள்ளவில்லை, ராஜா தனிச் சபை கண்டார். அதோடு வேறு சபைகளும் சேர்ந்துதான் இங்கே சி.எஸ்.ஐ. ஆனது என்று சொல்வதற்குள் அந்தம்மா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

“பொண்டாட்டியத் தள்ளி வெக்கிறதுக்குன்னே ஆரம்பிச்ச சபைங்களா? அங்க போயி எம்பொண்ணக் குடுக்கச் சொல்றீங்களே!”

மேல்வீட்டறை

மூன்றாவது அரூர் ராபின், லேப் டெக்னீஷியன், பெந்தெகொஸ்தே. போனில் பேசியதுமே ஸ்டெல்லாவுக்குப் பிடித்துவிட்டது. எனக்குப் போன உயிர் வந்தது. வந்து என்ன? விவரம் தெரிந்த வயதில் தண்ணீரில் முழுகி எடுப்பதுதான் அவர்களுக்கு ஞானஸ்நானம்; கைக்குழந்தையின் தலையில் ஊற்றியது கணக்கில் வராது. இரண்டாம் ஞானஸ்நானம் என்ற பேச்சையே கத்தோலிக்கர்கள் எடுக்க விடமாட்டார்கள். போதாததற்கு ராபின் வீட்டில் நகை போடுவதும் ஆகாதாம். உங்கள் சபை அமெரிக்காவில் கிளம்பி நூறு வருஷம் சொச்சம்தானே, கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன் என்று ராபினின் அம்மாவிடம் கெஞ்சினேன்.

“அமெரிக்காவா? அப்போஸ்தலர் காலத்துலயே, இயேசுவோட சீஷருங்க கூடி ஜெபம் பண்ணுன மேல்வீட்டறையில ஆரம்பிச்சதுங்க. அவங்களுக்கெல்லாம் முன்னாடி நாங்கதான்!”

ஸ்டெல்லா பேசினாள்

கடைசியாக இரண்டு குடும்பமும் ஸ்டெல்லா வீட்டில் உட்கார்ந்தது. பிஷப்பிடம் அனுமதி வாங்கினால் முழுக்கு இல்லாமலே மாதா கோயிலில் கல்யாணம் வைக்கலாம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். ராபினுக்கும் சம்மதம். பெரியவர்கள்தான் அசையவில்லை. டூட்டி முடிந்து வந்த ஸ்டெல்லா தோள்பையைக்கூட இறக்கவில்லை. “எந்தக் காலத்துலயோ எந்த ஊர்லயோ பிரிஞ்சாங்கப்பா. அதுக்கு நான் எதுக்கு ஒத்தையா நிக்கணும்? எனக்கு இவரப் புடிச்சிருக்கு” என்றவள் அழுதுவிட்டாள். ராபினின் அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தோணிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“கல்யாணம் நடக்கட்டுங்க. ஆனா ஒரு குந்துமணித் தங்கங்கூட இல்லாம எம்பொண்ண எப்படிங்க அனுப்புவேன்?”

ஆக, ஐரோப்பா தீர்க்காத சண்டையை ஸ்டெல்லா தீர்த்துவிட்டாள், நகைச் சண்டைக்குத்தான் நாளைக்கு நான் அரூர் பஸ் ஏற வேண்டும்.