மயிலம்மாவின் இரண்டு அடுப்பு

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் மரம் தேடக் கூடாது. ஒரு தண்ணீர்க் குழாய், அதைச் சுற்றி அறுபது பலகை வீடு, அதுதான் தோட்டம். அங்கே ஒற்றை அறையில் மயிலம்மா, புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் புருஷன் இராமர், மகள் தவமணி, மருமகன், பேரப்பிள்ளைகள் நாலு என்று எட்டுப் பேர். இராமர் புரண்டு படுத்தால் எட்டுப் பேரும் புரள வேண்டும்.

யுத்த காலம். கதவு தட்டினாலே வெளியூர்த் தமிழர் யாரும் தங்கியிருக்கிறார்களா என்று பார்க்கும் பொலிஸ் பதிவுதான் என்று பழகிப்போயிருந்தது. அன்று வந்தவரோ, தோட்டத்தை இடித்துவிட்டு அரசாங்கம் தரப்போகும் மாடிவீட்டுக்குக் குடும்பக் கணக்கெடுக்க வந்தவர். அவர் வாய் திறக்குமுன் மயிலம்மா, "எல்லாம் ஒரே குடும்பமுங்க, வெளியாளு யாருமில்லீங்க" என்று ஒப்பித்துவிட்டாள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு குடும்பம், ஒரு வீடு.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மயிலம்மா தலையில் அடித்துக்கொண்டு, நாங்கள் இரண்டு குடும்பம் என்று மனு எழுதிப் போட்டாள். மறுபடி பார்க்க வருவதாகப் பதில் வந்தது. அடுப்பு வேறென்றால் குடும்பம் வேறு என்று குழாயடியில் அடித்துச் சொன்னார்கள். உடனே அறைக்கு நடுவே பலகை அடித்து, இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு. தாயும் மகளும் ஜென்மப் பகை என்று சொல்வதாக ஏற்பாடு.

கதிர்காமநாதன் என்ற அதிகாரி சரியாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். மயிலம்மாவின் பானையைத் திறந்தார். எட்டுப் பேருக்குச் சோறு. கறி இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் தவமணியின் சட்டியில் சூரைமீன் கறி. சோறு ஒரு பருக்கை இல்லை.

"என்னம்மா, அங்கால இருக்கிறவை கறியைக் குடிக்கினமோ?"

மயிலம்மா சட்டென்று பானையை மூடினாள். "அதானுங்க ஐயா சண்டையே! நான் சோறு குடுக்க மாட்டேன், அவ கறி குடுக்க மாட்டா. மூணு நாளா ரெண்டு பக்கமும் பட்டினிங்க!"

அந்த நேரம் பார்த்து இராமர் தட்டு நிறையச் சோற்றோடு வந்து, "கொஞ்சம் வழி விடுங்க ஐயா" என்று பலகையைச் சுற்றிக் கறிக்குப் போனார்.

மயிலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வீடு போயே போய்விட்டது. அதிகாரி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது.

"இப்பிடிச் சண்டை பிடிக்கிற ஆக்களை ஒரு வீட்டுக்குள்ள அடைக்கேலாது" என்று சொல்லி, இரண்டு வீடு என எழுதினார்.

மயிலம்மாவுக்கு இரண்டாம் மாடி, தவமணிக்கு ஒன்பதாம் மாடி. லிப்ட் பாதி நாள் ஓடாது. ஆனாலும் சோறு கீழேதான், கறி மேலேதான். மத்தியானமானால் இராமர் சோற்றுப் பானையைத் தோளில் தூக்கிக்கொண்டு திட்டியபடியே படியேறுவார். இப்போது காலை நீட்டிப் படுக்க மயிலம்மாவுக்கு இடம் தாராளம். சாப்பிட மட்டும் எட்டுப் பேரும் ஒரே அறையில் முட்டி இடிக்க உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.