சீமைப் பசு பகிஷ்காரம்

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது நான் ஒரு மாட்டைப் பகிஷ்காரம் செய்தேன். தேசத்துக்காகத்தான். வெள்ளைக்காரன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மாடும் கவனிக்கவில்லை. வீட்டில் மட்டும் எல்லோரும் என்னை நன்றாகக் கவனித்தார்கள். முதுகில்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கோட்டைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். அவர் தம்பி, அதாவது என் சித்தப்பா, உத்தியோகம் தேடிக்கொண்டிருந்தார். தேடாத நேரத்தில் சீமைச் சாமான்களைப் பகிஷ்கரித்தார். இருவருக்கும் சாப்பாட்டு வேளையில்தான் சண்டை மூளும்.

“நீ ஒருத்தன் சட்டைத்துணி வாங்கலேன்னா லண்டன்ல எவனுக்குடா தூக்கம் கெடப்போறது?” என்பார் அப்பா.

“ஒருத்தன் இல்லேண்ணா, எல்லாரும் வாங்காம இருந்தா?”

“எல்லாரும் எங்கே? இங்கே மோருக்குக் கையேந்திண்டு நீ ஒருத்தன்தானே உட்கார்ந்திருக்கே?”

நான் சித்தப்பா கட்சி. அப்பா கட்சியில் சேர்ந்தால் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும். சித்தப்பா கட்சியில் கோஷம் போடலாம். எதையெல்லாம் தொடக்கூடாது என்று ஒருநாள் சித்தப்பாவைக் கேட்டேன். அவர் ஏதோ யோசனையில், “சீமைன்னு பேர் வந்தாலே தொடாதேடா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னைப் போன்ற தொண்டனிடம் இப்படிச் சுருக்கமாகப் பேசக்கூடாது. நான் அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். முதலில் சீமைக் கத்திரிக்காய். எனக்கு ஏற்கெனவே அது பிடிக்காது என்பதால் அந்தப் பகிஷ்காரம் பரிபூரண வெற்றி. அடுத்தது சீமை எண்ணெய். “விளக்கு வேண்டாமா? சரி, இருட்டுல சாப்பிடு. வாய் எதுன்னு தெரியறதா பார்க்கலாம்” என்றாள் அம்மா. கட்சி எண்ணெயை மன்னித்தது. பள்ளிக்கூடத்தில் சீமைச் சுண்ணாம்பைத் தொட மறுத்தேன். வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார். அங்கிருந்து பார்த்தால் வகுப்பு முழுவதும் தெரிந்தது. தியாகிகளுக்கு இப்படித்தான் உயர்ந்த இடம் கிடைக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. கடைசியாக வந்த மாப்பிள்ளையைச் சித்தப்பாதான் விரட்டினார். “இந்தக் கோட்டு எந்த ஊர்த் துணி?” என்று அவர் கேட்டதில் அந்தப் பிள்ளை கோட்டையும் கழற்றவில்லை, பஜ்ஜியையும் தொடவில்லை. அதன் பிறகு அத்தை சிரித்தே நாங்கள் பார்க்கவில்லை. இந்த மூன்றாவது இடமும் போனால் அப்புறம் யார் வருவார்கள் என்று அம்மா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். நல்ல இடம். அன்று வாயைத் திறப்பதில்லை என்று சித்தப்பாவிடம் அப்பா சத்தியமே வாங்கிவிட்டார். என்னிடம் வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நாளில் பால்காரர் மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்து கண்ணெதிரே கறந்து கொடுப்பார். அன்று பிற்பகல் நான்தான் வாசலில் நின்றேன். அவர் ஓட்டி வந்தது புது மாடு. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

“சொம்பு எட்தா நைனா. புச்சா வாங்கிக்கினு வந்தேன், பாத்தியா? சீமைப் பசு!” என்றார் பெருமையாக.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மற்றதெல்லாம் ஒத்திகை, தேசம் என்னைச் சோதிப்பது இப்போதுதான். “எங்காத்துல சீமைப் பால் வாங்கறதில்லே. ஓட்டிண்டு போ!” என்றேன்.

“இன்னா சொல்றே? மாடு இன்னா துரையாட்டம் தொப்பியா போட்டுக்கினு கீது?”

“அந்நிய மாடே வெளியேறு!”

தெருவில் நாலு பேர் சிரித்தார்கள். அதுதான் பால்காரருக்குப் பொறுக்கவில்லை. “என் மாட்டப் பாத்து வெளிய போன்றியா? நீயும் வாணாம், உன் தெருவும் வாணாம்!” என்று மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் சொட்டுப் பால் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சொஜ்ஜி வந்தது, பஜ்ஜி வந்தது. காப்பி வரவில்லை. நீர்மோர் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “மயிலாப்பூர்ல காப்பிகூடக் கிடைக்கலையா?” என்றாள். அப்பா முகம் சுண்டிப் போயிற்று. சித்தப்பா சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு மோட்டுவளையைப் பார்த்தார். சரி, கட்சியின் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று எழுந்து நின்று, “அது சீமைப் பசு. நாங்க பகிஷ்காரம் பண்ணிட்டோம்!” என்று அறிவித்தேன்.

அப்பாவின் கை என் காதைத் தேடி வந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

“ஏண்டா அம்பி, நான் தினமும் சீமைச் சுண்ணாம்பாலதான் போர்டுல எழுதறேன். என்னையும் பகிஷ்காரம் பண்ணிடுவியா?”

நியாயமான கேள்வி. நான் நன்றாக யோசித்தேன். “உங்களை உள்ளே விடலாம். சுண்ணாம்பை வாசல்லேயே வெச்சுட்டு வாங்கோ” என்றேன்.

உள்ளே கதவுக்குப் பின்னால் அத்தை சிரித்துவிட்டாள். மெல்லிய சிரிப்பல்ல, அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாகப் பீறிட்ட சிரிப்பு.

“பொண்ணா சிரிக்கறது?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, அதிர்ந்து போய்.

“ஆமாம்மா. நன்னாத்தான் சிரிக்கறா” என்றார் மாப்பிள்ளை. இன்னொரு டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. என் பகிஷ்காரத்துக்குக் கிடைத்த வெற்றி என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் மறுநாள் காலையில் பால்காரர் வரவில்லை. வரவில்லை என்று சொல்வது தப்பு. வந்தார், எல்லா வீட்டிலும் கறந்தார், எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார். மாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, “போகட்டும், ஒரு பால்காரன் வரலேன்னா உலகம் முழுகிடாது” என்றார். அடுத்த நாள் அவருக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் விடிவதற்கு முன்பே எழுந்து கூடத்தில் உலாத்திக்கொண்டிருந்தார்.

சித்தப்பா படுத்தபடியே கேட்டார்: “ஏண்ணா, தூக்கம் கெட்டுடுத்தா?”

அப்பா என் காதைப் பிடித்தார். மந்தைவெளியில் பால்காரர் கொட்டில் வரைக்கும் விடவில்லை. அங்கே போய், வெள்ளைக்காரத் துரையைத் தவிர யாருக்கும் குனியாத என் அப்பா, “குழந்தை தெரியாம சொல்லிட்டான், மனசுல வெச்சுக்காதேப்பா” என்றார்.

பால்காரருக்கு ஒரே கூச்சம். “அய்யே, இன்னா சாமி நீ! இதுக்கா நட்ந்து வந்தே? அது சீமைப் பசுவே இல்ல சாமி. நம்ம பொன்னேரி ஊரு மாடு. சீமைன்னு சொன்னாத்தான் உங்க தெருவுல மூஞ்சி குட்த்துப் பேசுறாங்க. பொன்னேரின்னா தண்ணிப் பாலுன்னுவாங்க.”

நான் தேசத்துக்காக விரட்டியது பொன்னேரியை. அவமானத்தில் மாட்டின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பாவோ அந்த மாட்டையே வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது என் காதைப் பிடிக்க மறந்துவிட்டார்.

பகிஷ்காரத்தால் உண்மையிலேயே பலன் உண்டா, வெள்ளைக்காரனைச் சீமைத்துணி நஷ்டம்தான் அசைத்ததா, யுத்தத்தில் கப்பல் வராததா என்று படித்தவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நான் தலையிடுவதில்லை. ஒரு பால்காரர் ஒரு குமாஸ்தாவை மந்தைவெளிக்கு நடக்க வைத்ததை மட்டும் பார்த்தேன். எங்கள் காப்பி எந்த நேரம், எங்கே தட்டினால் எங்களுக்கு வலிக்கும் என்று பால்காரருக்குத் தெரியும்.

அத்தையின் தலைதீபாவளிக்கு அப்பா துணி வாங்கி வந்தார். மாப்பிள்ளைக்கும் கதர், எனக்கும் கதர், தனக்கும் கதர்ச் சட்டை. சித்தப்பா எடுத்துப் பார்த்தார். பத்திரமாக மடித்து வைத்தார். எனக்குக் கழுத்தெல்லாம் அரித்தது. “மல் துணிச் சட்டைதான் வேணும், சீமைத்துணிதான் வேணும்” என்று தரையில் புரண்டு அழுதேன்.

பண்டிகை முடிந்து அப்பா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதரைக் கண்டால் துரை சீறிவிழும் அதே வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் கிளம்பினார்.

“உனக்கு அரிக்கலையாப்பா?” என்று கேட்டேன்.

“அரிக்கத்தான் அரிக்கறது” என்றார். சொறிந்துகொள்ளாமல் டிராம் ஏறினார்.

டிராம் போய் வெகுநேரமாகியும் அம்மா ஏன் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தேன்.