ஓடாத வண்டிக்கு இன்ஜின் பெயின்ட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் ஒரு பைக் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டார்ட் செய்தது நான். செய்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது... முதலிலிருந்து சொல்கிறேன்.

பைக் என் தம்பி ஹரியுடையது. சோலார் பேனல் மாட்டும் வேலையில் இருந்தான். போன வருட மழைக்காலத்துக்கு முன்னால், ஒரு குடோன் கூரைமேல் நடந்தபோது ஷீட் உடைந்து கீழே விழுந்தான். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இனி நடக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டார். நாங்கள் அம்மாவிடம் சொன்னது, "கொஞ்ச நாளாகுமாம்" என்று மட்டும்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு? அம்மா கேட்கவில்லை. அதற்குப் பதிலாக பைக்கைக் கவனிக்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பக்கெட் தண்ணீர், ஈரத்துணி. துடைத்து முடித்ததும் ஹெட்லைட்டில் ஒரு சந்தனப் பொட்டு. பையன் எழுந்து வரும்போது வண்டி தூசியாக நிற்கக் கூடாதாம்.

ஹரிக்கு அதை விற்றுவிட வேண்டும். வாயெடுத்தாலே அம்மா அன்றைக்குச் சாப்பிட மாட்டார். "எனக்குப் பண்ற பிசியோவை விட அதுக்குத்தான் நல்லா நடக்குது" என்று என்னிடம் மட்டும் சொல்வான்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் பெயின்ட்டைப் பரிசோதிக்கும் பிரிவில் இருப்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கே உலோக அரிப்பைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. இரண்டு வாரங்களுக்கு முன் இன்ஜினின் கீழ்ப்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அம்மா பூசிய விபூதி என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை.

ஹரி தினமும் மதுக்கரை ரோட்டில் போய் வந்தவன். லாரிச் சக்கரங்களிலிருந்து தெறித்த ஜல்லி பட்டு, இன்ஜினின் கறுப்பு பெயின்ட் அங்கங்கே பெயர்ந்திருந்தது. அந்த இடங்களில்தான் அலுமினியம் அரித்து, பொடிப்பொடியாகப் பூத்து, பக்கத்திலிருந்த நல்ல பெயின்ட்டுக்கு அடியிலும் நுழைந்திருந்தது. காரணம் — வாராவாரம் ஈரத்துணி. ஓடுகிற வண்டி என்றால் அந்த ஈரம் இன்ஜின் சூட்டிலேயே காய்ந்துவிடும். இது நின்றுகொண்டே இருக்கிற வண்டி.

அம்மாவிடம் இதைப் போய்ச் சொல்ல முடியுமா? உங்களால் முடியுமா?

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். லிஸ்ட் போட்டேன். பெட்ரோல் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. வெள்ளைப் பொடி மொத்தமும் போகும்வரை உப்புத்தாள் தேய்ப்பது — பழைய பெயின்ட்டின் விளிம்பு விரலில் தட்டக் கூடாது. பிறகு பிரைமர். பிறகு சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட், சின்ன பிரஷ்ஷில், மெலிதாக.

சனிக்கிழமை முழுவதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செய்தேன். ஹரி வாசலுக்கு உள்ளே வீல் சேரில் இருந்தபடி மேற்பார்வை. புருவம் தீட்டுகிற மாதிரி இருக்கிறதாம். வண்டியைப் பொண்ணு பார்க்க யாராவது வருகிறார்களா என்று கேட்டான். அம்மா டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"நீயாச்சும் நம்புறயே கண்ணு" என்றார்.

நான் பிரஷ்ஷைத் தின்னரில் முக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நகத்தால் கீறிப் பார்த்தேன். தொழில் பழக்கம். பெயின்ட் சுருண்டு வந்தது. டப்பாவைத் திருப்பிப் படித்தேன்... படித்துத்தான் தெரிய வேண்டுமா எனக்கு? இந்த வகை பெயின்ட் காற்றில் மட்டும் இறுகாது. இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும், ஆறவிட வேண்டும், மறுபடியும் சூடேற்ற வேண்டும். ஆபீஸில் அதற்கு ஓவன் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில், ஓடினால் மட்டுமே பிடிக்கிற பெயின்ட்டை ஓடாத வண்டிக்குப் பூசி வைத்திருக்கிறேன்.

ஹரி சிரித்தான். ரொம்ப நாளுக்குப் பிறகு, சத்தம் போட்டு. ஸ்டாண்டில் நிறுத்தியே ஓடவிடலாம், சூடுதானே வேண்டும் என்றான். பழைய பெட்ரோலை மாற்றச் சொன்னான். பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னான். கிக்கரை எப்படி மிதிப்பது என்று வீல் சேரில் இருந்தே பாடம் எடுத்தான். மிதித்து மிதித்து எனக்குக் கால் மரத்துப்போன நேரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அந்த வண்டியின் சைலன்சரை ஹரி எப்போதோ மாற்றியிருந்தான். எங்கள் தெருவில் அப்படிச் சத்தம் போடும் வண்டி அது ஒன்றுதான். எட்டிப் பார்க்காமலே ஹரி வருகிறான் என்று சொல்லிவிடுவார்கள். அது எனக்கு நினைவில் இல்லை. அவனுக்கும்தான். இரண்டு பேரும் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா தெருமுனைக் கடைக்குக் கீரை வாங்கப் போயிருந்தார்.

முதலில் எதிர்வீட்டு அண்ணன் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. "ஏனுங்க, தம்பி எந்திரிச்சாச்சுங்களா?"

அவருக்குப் பின்னால் அம்மா. முட்டிவலிக்காரர், ஓடி வந்தார். காலில் செருப்பில்லை. கையில் கீரையும் இல்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"நீயா அம்மணி" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணன் திரும்பிப் போனார். நான் இன்ஜினை நிறுத்தினேன். ஹரிதான் பேசினான். காபி வேண்டாம் என்று சொல்கிற அதே குரலில்.

"நான் இல்லீங்கம்மா. இனிமேலும் நானா இருக்காதுங்க. டாக்டர் அப்பவே சொல்லிப்போட்டாரு. நாங்கதான் உங்ககிட்டச் சொல்லல."

அம்மா வாசல்படியில் உட்கார்ந்தார். அவன் பாதத்தை, தொட்டால் அவனுக்குத் தெரியாத அந்தப் பாதத்தை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்கு எப்பவோ தெரியும் சாமி" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். கதைகளில் அப்படித்தானே வரும்? அம்மாக்களுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும். எங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடியில் இருக்கும் அரிப்பைச் சுரண்டாமல் மேலே பூசக் கூடாது... வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான். இத்தனை நாளாக வீட்டில் நாங்கள் செய்தது வேறென்ன? ஒரு வித்தியாசம். இன்ஜினைச் சுரண்டினால் அடியில் பளபளவென்று நல்ல உலோகம் வரும். அதன் மேல் என்ன பூச வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அம்மாவின் முகத்தில் வந்தது என்ன என்றும் தெரியவில்லை, அதன் மேல் பூச என்னிடம் எதுவும் இல்லை.

மதியம் ஹரி வண்டிப் பக்கம் கண்ணைக் காட்டினான். இன்ஜின் ஆறியிருந்தது. இரண்டாவது சூடு பாக்கி. மறுபடியும் ஸ்டார்ட் செய்தேன். அதே சத்தம். தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பெயின்ட் நன்றாக இறுகிவிட்டது. நகம் இறங்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. பக்கெட் குளியலறையிலேயே இருந்தது. அம்மா வண்டிப் பக்கம் வரவே இல்லை.

இன்ஜினுக்கு நல்லது.