டாக்டர் முன்னால் மட்டும் நடப்பவர்

டிரில் மாஸ்டரின் மனைவிக்கு அன்று பொறுமை அடியோடு போய்விட்டது. வீட்டில் குளியலறை வாசலுக்கு வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நிற்கிற மனிதர், இந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டவர், ஆஸ்பத்திரிக்கு வந்தால் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார்.

"சார், எழுந்து நடங்க," என்றார் நரம்பு டாக்டர். அவ்வளவுதான். முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவர் நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, சுவர் வரை போய்த் திரும்பி வந்தார். விரலைத் தட்டச் சொன்னால் தட்டினார். மணிக்கட்டை மடக்கிப் பார்த்த டாக்டர், "கொஞ்சம் இறுக்கம் இருக்கு. மத்தபடி போன தடவை மாதிரியேதான். அதே பார்க்கின்சன் மாத்திரை போதும்," என்று பேனாவை எடுத்தார்.

மூன்றாவது தடவையாக அதே மாத்திரை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த முறை விழுந்து இடுப்பு உடைந்தால் யார் தூக்குவது?

"எழுதாதீங்க டாக்டர்! இவர் உங்களுக்குப் படம் காட்டுறாரு. வீட்டுல ஒரு அடி வைக்க என் உயிரை வாங்குறாரு."

"இவ எப்பவும் ஒண்ணை ஒம்பதாச் சொல்லுவா," என்றார் மாஸ்டர்.

"நீங்க நடன்னு சொல்றதாலதான் நடக்கறாரு. நான் கெஞ்சினா நகர மாட்டேங்கறாரு. ஒண்ணும் சொல்லாதீங்க, சும்மா வெளிய போகட்டும்."

டாக்டர் பேனாவை மூடினார், வாயையும் மூடிக்கொண்டார்.

மாஸ்டர் அவளை முறைத்துவிட்டு எழுந்து, திறந்திருந்த கதவுப் பக்கம் போனார். நிலைப்படி நெருங்க நெருங்க அடி குறுகியது. பிறகு நின்றே போனது. முட்டி நடுங்கியதே தவிர பாதம் நகரவில்லை. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, குனிந்து அந்தப் பாதங்களையே பார்த்தார்.

அவள் ஜெயித்துவிட்டாள். ஆனால் சந்தோஷம் வரவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேரும் பார்க்க, பின்கழுத்து வியர்த்து அவர் நின்றதைக் காணச் சகிக்கவில்லை.

"நடன்னு சொல்லித் தொலையேன்டி," என்றார் அவர் திரும்பாமலே. குரல் உள்ளே போயிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்வார், அவள் செய்வாள். அவருக்கென்று அவள் ஒரு உத்தரவு போட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"லெஃப்ட்!"

மாஸ்டரின் இடது கால் எழுந்தது.