பிள்ளையார் சுழியும் பதில் தராத பெட்டியும்

பதில் வராமை இரு வகைப்படும் என்பதை எழுபத்தாறாம் வயதில், ஒரு கறுப்புத் திரையின் முன் அமர்ந்து கற்றுக்கொண்டேன். எதிரே ஆளே இல்லை என்பது ஒரு வகை. ஆள் இருக்கிறார், கேட்டுக்கொண்டும் இருக்கிறார், ஆனால் குறித்த நேரத்துக்குள் வாயைத் திறக்கவில்லை என்பது மறு வகை. பரம்பொருளிடம் அறுபது ஆண்டுகளாக விண்ணப்பம் வைத்து வருகிறேன். இவ்விரண்டில் எது நடக்கிறது என்று அவர் ஒருமுறையேனும் தெரிவித்ததில்லை. அந்தக் கறுப்புத் திரை ஐந்து விநாடியில் தெரிவித்துவிட்டது.

அதன் முன் நான் போய் அமர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கோப்பாயில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பிள்ளையார் கோயிலில், தேருக்கு முந்தின நாள் மாலை, சப்பறம் புறப்படுமுன் ஒருவர் நின்று ஒரு பதிகத்தை முழுமையாகப் பாடவேண்டும். பதினொரு பாட்டு, பாட்டுக்கு நாலு அடி. தகப்பனைப் புகழும் பாட்டை மகனின் முன்னால் பாடுகிறோம். மகன் இதுவரை ஆட்சேபித்ததில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாக அந்த ஒருவர் நான். புத்தகத்தைக் கையில் வைத்துப் பாடலாமே என்று கேட்பவர்கள் எங்கள் கோயிலை அறியாதவர்கள். அங்கே அது, வேட்டி கட்டாமல் வருவதைவிடச் சற்றே குறைந்த குற்றம்.

சென்ற ஆண்டு ஏழாம் பாட்டில் இரண்டாம் அடியைப் பாடி முடித்தபோது மூன்றாம் அடி வரவில்லை. இரண்டாம் அடியையே மறுபடி பாடினேன். மூன்றாம் முறையும் பாடினேன். சனம் அதை உருக்கம் என்று எண்ணித் தலைமேல் கை குவித்தது. இரண்டு பெண்கள் அழுதார்கள். அதற்குள் நாலாம் அடி நினைவுக்கு வந்து என்னைக் கரைசேர்த்தது. கோயில் மனேச்சர் மட்டும் அழவில்லை. அவர் வேலையிலிருந்து இளைப்பாறிய கணித ஆசிரியர், அடிகளை எண்ணியிருக்கிறார்.

இவ்வாண்டு கொடியேற்றத்துக்கு முன் என்னை அழைத்துப் பேசினார்.

"அண்ணை, இந்த முறையும் நீங்கள்தான் பாடுறியள். அதிலை மாற்றமில்லை. ஆனால் அந்தப் பதிகம் முழுக்கப் பென்டிரைவிலை ஏத்தி வைச்சிருக்கிறன். நீங்கள் நிண்டால் அது தொடங்கும்."

"எவ்வளவு நேரம் நிண்டால்?"

"ஒரு அஞ்சு செக்கன்."

"அடுத்த வருசம்?"

"அது ஒருக்காத் தொடங்கினால், பிறகு எல்லா வருசமும் அதுதான் அண்ணை."

விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு என் இடத்துக்கு வேட்பாளராக நின்றது. அதற்குத் தொண்டை கட்டாது. சளி பிடிக்காது. பக்தியும் கிடையாதுதான், ஆனால் அதை ஒலிபெருக்கியில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

வீட்டில் அடியெடுத்துக் கொடுக்க மனைவி இருக்கிறார், அதாவது, இருந்தார். மூன்று மாலைகள் புத்தகத்தோடு எதிரே அமர்ந்து, நான் தடுமாறிய இடங்களில் சரியான அடியைச் சொன்னார். மூன்று மாலைகளும் அது பிழை என்று நான் வாதாடினேன். நாலாம் மாலை புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். "அச்சடிச்சவனும் பிழை, நானும் பிழை. இனி நீங்களும் பிள்ளையாருமாய்ப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றார்.

பிள்ளையாரை அணுகுவதற்கு முன் மானிப்பாயிலுள்ள நண்பரை அணுகினேன். மிஷன் பள்ளியில் படித்தவர். ஞாயிறு தவறாமல் தேவாலயப் பாடகர் குழுவில் மேற்குரல் பாடுபவர். நான் கோப்பாய்த் தபாற்கந்தோரிலும் அவர் மானிப்பாயிலும் தந்தி அடித்தோம். அவர் முகத்தைக் காண்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அவருடைய விரலை எனக்குத் தெரியும். இளைப்பாறியபின் சுருட்டை விட்டுக் கணினியைப் பிடித்துக்கொண்டார். நுரையீரலுக்கு நல்லது, மனைவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் இடரைக் கேட்டுவிட்டு, நாற்பத்து நாலு அடிகளையும் ஒரு வாரமாகத் தம் கையாலேயே தட்டச்சிட்டு, சவர்க்காரப் பெட்டி அளவான ஒரு கணினியில் ஏற்றினார். அந்தப் பெட்டி அவர் வீட்டு ஆர்மோனியத்தின் மேல், வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கும். என் வீட்டில், இணையத்தால் அதோடு தொடுத்த, மகள் விட்டுச்சென்ற மடிக்கணினி. அதில் படமில்லை, பொத்தானில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதவேண்டும். நிரலின் பெயர், பிறகு 'கேள்' என்னும் கட்டளை, பிறகு 'பதிகம்' என்னும் விடயப் பெயர், பிறகு மேற்கோள் குறிக்குள் எனக்குத் தெரிந்த அடி. அடுத்த அடி பதிலாக வரும். ஓர் அடி மாத்திரமே வரும். மீதியை நானே தேடவேண்டும். தந்திக்காரனுக்கு இதைவிட இயல்பான கருவி இல்லை.

"இது உம்மடை வீட்டுக்கு நான் அனுப்புற கேள்விதானே?" என்று கேட்டேன்.

"இல்லை ஐசே. நீர் ஆளுக்கு அனுப்பேல்லை, ஒரு பேருக்கு அனுப்புறீர். அந்தப் பேருக்குக் காது குடுத்துக்கொண்டு இருக்கிற ஆரும் பதில் தரலாம். ஆர் தந்தது எண்டு உமக்குத் தெரியத் தேவையில்லை."

"உதைத்தானே எங்கடை ஆக்கள் ஆயிரம் வருசமாய்ச் சொல்லுகினம்."

"அவை பதிலைக் காட்டினவையோ?"

அவர் என் மேசையில் இருந்து எழுதியபோது பதில்கள் மின்னல்போல் வந்தன. அவர் சைக்கிளில் ஏறிப் போனபின் நான் எழுதினேன். ஐந்து விநாடி. நேரம் கடந்துவிட்டது என்று திரை எழுதியது. மறுபடி எழுதினேன். மறுபடியும் நேரம் கடந்தது. கேட்க ஆளே இல்லாவிட்டால் அப்படியே எழுதும் என்று நண்பர் சொல்லியிருந்தார்; அது அப்படி எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். ஆள் இருக்கிறது, என்னோடு கதைக்க விருப்பமில்லை.

மூன்று நாள் இவ்வாறு கழிந்தது. முதல் நாள் என் தட்டச்சை ஐயுற்றேன். இரண்டாம் நாள் என் ஆசாரத்தை ஐயுற்று, முழுகிவிட்டு வந்து எழுதினேன். மடிக்கணினியின் மூடிக்குத் திருநீறும் சந்தனப் பொட்டும் இட்டேன். திருநீறு உள்ளே இறங்கி, இடைவெளிக் கட்டை ஒருமுறை அழுத்தினால் நாலுமுறை பாய்ந்தது. மூன்றாம் நாள் நண்பரின் சமயத்தை ஐயுற்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உம்மடை பெட்டி சமயம் பாக்குது."

"என்ன காணும் சொல்லுறீர்?"

"வேதாகமத்துக்குப் பக்கத்திலை இருந்து பழகின பெட்டி. பதிகத்துக்கு வாய் திறக்குதில்லை."

"ஐசே, அது பிறந்த நாளிலையிருந்து உம்மடை பதிகத்தைத் தவிர வேறை ஒண்டும் வாசிக்கேல்லை. என்னைவிட அதுதான் சைவம். பேசாமல் இரும், வாறன்."

வந்ததும் மடிக்கணினியைக் கவிழ்த்துத் திருநீற்றைத் தட்டிவிட்டு என் பின்னால் நின்றார். தேருக்கு இன்னும் ஐந்து நாள். நான் எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தவர், மேற்கோள் குறியைத் திறந்து நான் இட்ட முதல் எழுத்தைக் கண்டதும் என் கையைப் பிடித்தார்.

"உதென்ன?"

"சுழி."

"பிள்ளையார் சுழியோ?"

"பின்னை?"

ஏடு தொடக்கிய நாள் தொட்டு, உகரத்தைச் சுழித்து இடாமல் நான் எதையும் எழுதியதில்லை. கடிதம், கடைச் சிட்டை, இடமாற்ற விண்ணப்பம், வைத்தியரிடம் கொண்டுபோகும் வருத்தங்களின் பட்டியல், எல்லாவற்றின் தலையிலும் அது இருக்கும். கறுப்புத் திரைக்கு மட்டும் விலக்கு அளிக்க நான் யார்? ஆனால் நண்பரின் பெட்டியோ, வந்த அடியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். சுழியோடு தொடங்கும் அடி அதனிடம் இல்லை. தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டிரு என்று அவர் அதற்குக் கற்பித்திருந்தார். மிஷன் பள்ளி ஒழுக்கம்.

"தந்தியிலை உதைப் போட்டனீரோ?" என்று கேட்டார், என்னை மடக்கும் நோக்கத்தோடு.

பொய் சொல்ல வயதில்லை.

"போட்டனான். ஒவ்வொரு நாளும் காலமை, முதல் தந்திக்கு முன்னம் ஒருக்கால். ரண்டு குறில், ஒரு நெடில். தந்திக் கட்டையிலை உகரத்துக்கு உதுதானே."

நண்பர் கதிரையில் மெதுவாக அமர்ந்தார்.

"அது நீரோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் காலமை லைனிலை ஒரு சத்தம் எண்டு பதினொரு வருசம் முறைப்பாடு எழுதினன் ஐசே. யாழ்ப்பாணத்திலையிருந்து ஆள் வந்து ரண்டுதரம் கம்பி மாத்தினவங்கள்."

குசினி அடுப்படியில் என் மனைவி சிரிப்பது கேட்டது.

சுழியை விடும்படி அவர் கேட்டார். மாட்டேன் என்றேன். தம் நிரலுக்குள் பிள்ளையாரை ஏற்றினால் போதகருக்குப் பதில் சொல்லவேண்டிவரும் என்றார். பதில் சொல்லத் தெரியாத பெட்டியை வைத்திருப்பவர் அதைப்பற்றிக் கவலைப்படலாகாது என்றேன். ஈற்றில் என் மேசையிலேயே இருந்து, முணுமுணுத்தபடி, தம் வீட்டுப் பெட்டியில் இரண்டு வரிகளைத் திருத்தினார். நான் சுழி இட்டு, ஏழாம் பாட்டின் இரண்டாம் அடியை எழுதினேன். கண் இமைப்பதற்குள், ஓராண்டாக என்னிடமிருந்து ஒளிந்து திரிந்த மூன்றாம் அடி வந்து நின்றது. அதன் வாலில் 'ஆமென்' என்று இருந்தது.

"இதென்ன காணும்?"

"நீர் தலையிலை ஒண்டு போடுறீர். நான் வாலிலை ஒண்டு போட்டிருக்கிறன். கணக்குச் சரி."

நாலு நாளும் விடாமல் பயின்றேன். சுழி இட்டுக் கேட்டேன். அடியும் ஆமெனும் வந்தன. அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் விழுங்கப் பழகினேன். "இனி ஞானஸ்நானம் ஒண்டுதான் மிச்சம்" என்று மனைவி தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனார்.

சப்பறத்தன்று மாலை கைத்தாளத்தோடு ஒலிவாங்கியின் முன் நின்றேன். மூன்றடி தள்ளி மனேச்சர், பெருவிரல் பொத்தானின்மேல். ஆறு பாட்டுகள் தண்ணீர்போல் ஓடின. ஏழாம் பாட்டு, முதலடி, இரண்டாம் அடி. அங்கே நின்றது. நாலு நாளாக நூறுமுறை கண்ட மூன்றாம் அடி, மேசையையும் திரையையும் விட்டுக் கோயிலுக்கு வர மறுத்துவிட்டது.

ஒரு விநாடி. இறைவனை நினைத்தேன், வழக்கம்போல் அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். இரண்டு விநாடி. மனேச்சரின் விரல்நகம் வெளுத்தது. என் மனம் ஒன்றும் செய்யவில்லை, கைதான் செய்தது. கைத்தாளம் இருமுறை சுருக்கமாகத் தட்டி, மூன்றாம் தட்டை நீளமாக ஒலிக்க விட்டது. ரண்டு குறில், ஒரு நெடில்.

பின்னாலிருந்து, பெண்கள் நின்ற வரிசைக்கும் அப்பால், கால் கழுவும் தொட்டிப் பக்கமிருந்து ஓர் உயர்ந்த குரல் மூன்றாம் அடியைப் பாடியது. பண் சற்றே பிசகியிருந்தது. பாமாலைச் சாயல் அடித்தது. ஆனால் எழுத்துக்கு எழுத்துச் சரி. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி நண்பர் நின்றிருந்ததைப் பிறகுதான் கண்டேன். பதினொரு வருசம் முறைப்பாடு எழுதியவருக்கு அந்தச் சத்தம் மறக்குமா?

சனம் அதை இவ்வாண்டின் புதுமுறை என்று எண்ணி, அவரைத் தொடர்ந்து அந்த அடியைத் திருப்பிப் பாடியது. நான் நாலாம் அடியை எடுத்தேன். மிஞ்சிய நாலு பாட்டுகளும் தடையின்றி வந்தன. பதினோராம் பாட்டை முடித்து, மூச்சை விட்டு, கண்ணை மூடி, மன நிறைவோடு 'ஆமென்' என்றேன்.

ஒலிவாங்கி திறந்திருந்தது. அந்தச் சொல் நாலு ஒலிபெருக்கிகளின் வழியே கோப்பாய் முழுவதும், வெங்காயத் தோட்டங்களுக்கு மேலால், தெளிவாகப் போயிற்று. ஐயர் மணியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தொட்டியடியில் ஒருவர் இருமினார்.

மனேச்சர் அருகில் வந்தார். சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, பென்டிரைவைக் கழற்றி மடிக்குள் செருகினார்.

"அண்ணை, அடுத்த வருசமும் நீங்கள் பாடுங்கோ. அவரையும் வரச்சொல்லுங்கோ. கடைசிச் சொல்லை மட்டும் அவர் வெளியிலை நிண்டு சொல்லட்டும்."