எண்ணெய்த்தாளில் ஒரு பழுப்பு

பியோ ஓக்-இம் டேகு நகரப் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பதினெட்டு வருடமாக ஆப்பிள் வரைந்தாள், வரையவும் சொல்லிக்கொடுத்தாள். தலைமையாசிரியர் அறையில் தொங்கியதும் அவளுடைய ஆப்பிள்தான். மா யொன்-சுக் பாரிசிலிருந்து திரும்பும்வரை அவளுக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இருவரும் டோக்கியோவில் ஒரே அறையில் தங்கி ஓவியம் படித்தவர்கள். உடல் வரையும் வகுப்பில் ஓக்-இம்முக்குத்தான் முதலிடம். யொன்-சுக்குக்கு விரல் வரைய வராது; கைகளைத் துணிக்குள் மறைத்துவிடுவாள். அவள் இப்போது வெறும் நீலப் பட்டைகளை இழுத்தே சியோலில் பெரிய ஆளாகிவிட்டாள். பத்திரிகையில் பேட்டி வேறு: "ஆப்பிளை ஆப்பிளாகவே வரையறவங்க பழக்கடை வைக்கலாம்."

அன்றைக்கு ஓக்-இம்முக்குச் சோறு இறங்கவில்லை. சியோல் கண்காட்சிக்கு இந்த வருடம் தானும் உருவமில்லாத ஓவியம்தான் அனுப்புவது என்று முடிவெடுத்தாள். கான்வாஸ் கிடைக்கவில்லை. வீட்டுத் தரைக்கு விரிப்பாக ஒட்டிய தடித்த எண்ணெய்த்தாளில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதில் நீலப் பட்டைகளை இழுத்தாள்.

இடுப்பு பிடித்து இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த கணவர் முன்-ஹோ கழுத்தை மட்டும் திருப்பினார்.

"ஏம்மா, இது யொன்-சுக் போட்ட மாதிரியே இருக்கே?"

"உங்களைக் கேட்டேனா? ஒருக்களிச்சுப் படுங்க, முதுகு புண்ணாயிடும்."

மறுநாள் ரயிலில் அனுப்பியாக வேண்டும். சாயமோ காயவில்லை. அடுப்பின் சூடு தரைக்கு அடியில் ஓடி அறையைக் காய்ச்சும் வீடு அது; அடுப்பை ஒட்டிய தரைதான் வீட்டிலேயே சூடான இடம், நோயாளியின் இடம். அவரை மெத்தையோடு இழுத்து ஒதுக்கிவிட்டு ஓவியத்தை அங்கே விரித்தாள். அடுப்பில் இரண்டு கரிக்கட்டி கூடுதலாகப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

மாலையில் வாசலிலேயே தீய்ந்த வாடை அடித்தது. தாள் நடுவில் கருகி, ஓரத்தில் மஞ்சளாகியிருந்தது. நீலம் கொப்புளித்து உரிந்துவிட்டது.

"கத்திப் பாத்தேன். பக்கத்து வீட்டுக்காரி கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோசு கழுவப் போயிட்டா," என்றார் முன்-ஹோ. "அடிப்பிடிச்ச சோறு மாதிரி இருக்கு. தண்ணி ஊத்திக் குடிச்சிரலாம்."

அவள் கத்தியை எடுத்து, மிச்சமிருந்த நீலத்தைச் சுரண்டினாள். அடியில் பழுப்பு மட்டும் கருமையிலிருந்து மஞ்சள்வரை படிப்படியாக இறங்கியிருந்தது. அப்படியொரு இறக்கத்தைத் தூரிகையால் அவள் கொண்டுவந்ததே இல்லை. வெளுத்துக் கிடந்த பாதியைச் சூட்டின் பக்கம் திருப்பிப் போட்டாள். இந்த முறை அருகிலேயே உட்கார்ந்து, காய்ச்சல்காரரின் நெற்றியைப் பார்ப்பதுபோல அடிக்கொருதரம் தொட்டுப் பார்த்தாள்.

"என் இடம் எப்பக் கிடைக்கும்?"

"நாளைக்கு. சும்மா கிடங்க."

கண்காட்சியில் அந்தப் பழுப்புத் தாளை மாடிப்படிப் பக்கம் மாட்டியிருந்தார்கள். நடுக்கூடத்துச் சுவர் முழுக்க யொன்-சுக்கின் நீலம். ஓக்-இம்முக்கு வயிறு எரிந்தது. ஆனால் யொன்-சுக் தன் சுவரை விட்டு மாடிப்படிக்கு மூன்று முறை வந்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள்:

"ஏய், இந்தப் பழுப்பை எப்படிடி கொண்டுவந்த?"

"டோக்கியோல நீ தூங்கி வழிஞ்ச வகுப்புல சொல்லிக்கொடுத்தாங்க."

யொன்-சுக் சிரித்தாள், உதடு மட்டும். அந்த முகம் ஓக்-இம்முக்கு நன்றாகத் தெரியும். தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துப் பழகியதுதான்.